சோதித்தவர் யார்?

அன்று பகல் பதினோரு மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நான்கே பேர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் உரிமையாளரான பெரியவர். மூன்று மாதத்துக்கு முன் இறந்துபோன அவருடைய தம்பியின் மனைவி. ஊசி குத்தி ரத்தம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டதால் ஊசியம்மா என்று பெயர் வாங்கிய ஊழியர். கணினி பழுது பார்ப்பதால் ஸ்க்ரூ என்று அழைக்கப்படும் இளைஞன். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. பிறகு ஆளுக்கொரு கதை கட்டினார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

தம்பி போன நாளிலிருந்து பூட்டியே கிடந்த அறை. பெரியவர் சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளியதும் ஸ்பிரிட் வாடையும் தூசி வாடையும் வந்தன. அவற்றுக்கு அடியில் மெல்லியதாகக் கிராம்பு வாடை. தம்பி வேலை செய்யும்போது கிராம்பு மென்றுகொண்டே இருப்பான். பெரியவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடு," என்றார் ஸ்க்ரூவிடம்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்ன ஏதுன்னு பாக்கச் சொல்லுங்க மாமா," என்றாள் தம்பி மனைவி. அவளை யாரும் அழைக்கவில்லை. அவளாகத்தான் வந்திருந்தாள்.

"எதுக்கும்மா? முடிஞ்சுபோன கதை."

"உங்களுக்கு முடிஞ்சிருச்சு. பள்ளிக்கூடத்துல என் பொண்ணை 'தப்பு ரத்தம்'னு கூப்பிடுறாங்க. அன்னைக்குத் தான் இந்த நாற்காலியில உக்காரவே இல்லைன்னு அவர் சாகுற வரைக்கும் சொன்னார்."

ஒரு நோயாளியின் ரத்தப் பிரிவைத் தவறாகக் குறித்த அறிக்கை ஒன்று இந்த அறையிலிருந்துதான் போயிருந்தது. நோயாளி எப்படியோ பிழைத்துக்கொண்டார். அறிக்கையின் அடியில் சோதித்தவர் என்ற இடத்தில் தம்பியின் பெயர் இருந்தது. "காகிதம் பொய் சொல்லாதுடா," என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவர் பெரியவர்தான். அன்று படுத்தவன்தான் தம்பி. பிறகு எழுந்திருக்கவில்லை.

ஸ்க்ரூ கணினியை எழுப்பினான். அறிக்கை அச்சிட அதில் இருந்தது தம்பி தன் கையால் எழுதிய சின்ன பேட்ச் ஃபைல், சில வரிக் கட்டளைகள். ஓடவிட்டால் கறுப்புத் திரைமேல் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி எழும்பி, 'சோதித்தவர் யார்?' என்று கேட்கும். பெயரை அடித்து ஓகே தட்டினால் அந்தப் பெயர் அறிக்கையில் அச்சாகும்.

ஸ்க்ரூ வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தவன் உச்சுக் கொட்டினான்.

"அடடா, சின்னவர் ஒரு வரியை விட்டுட்டாரே! பெட்டியில கேன்சல் தட்டினா பேரு காலியாகாது சார். முன்னாடி யார் பேரு இருந்துச்சோ அதுவே நிக்கும். காலி பண்ணச் சொன்னாலும் போகாத குடித்தனக்காரன் மாதிரி."

பெரியவர் நாற்காலியிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

அந்தத் தவறான அறிக்கை போன நாள் காலை தம்பி பிரிண்டருக்கு மை வாங்கப் போயிருந்தான். நோயாளியின் உறவினர் வாசலில் நின்று பறந்தார். பெரியவர் தானே சோதித்து, தானே இந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டி எழும்பி யாரென்று கேட்டது. என் கூடத்தில், நான் வாங்கிப் போட்ட மெஷின், என்னையே யாரென்று கேட்பதா? ஆத்திரத்தோடு கேன்சலைத் தட்டினார். அச்சாகி வந்த தாளைப் படிக்காமலே உறையில் போட்டுக் கொடுத்தார்.

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தம்பி மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தாச்சில்ல? அழிச்சிடு," என்றார்.

பெட்டி எழும்பியது.

"நான் ஓட்டவே இல்லையே," என்றான் ஸ்க்ரூ. கேன்சலைத் தட்டினான்.

பெட்டி மறைந்தது. மறுபடி எழும்பியது.

தட்டினான். எழும்பியது.

கிராம்பு வாடை மூக்கை அடைத்தது. யாரும் தொடாத விசைப்பலகையில் ஏதோ ஒரு விசை மட்டும் அமுங்கி அமுங்கி எழுந்தது. டக். டக். டக்.

ஸ்க்ரூ பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். உள்ளே சுழன்ற விசிறி நின்றது. பிரிண்டரின் பச்சை விளக்கும் அணைந்தது.

திரை அணையவில்லை.

பெட்டிக்குள் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிந்து, வேறு எழுத்துகள் வந்தன.

'அண்ணா, யார்?'

"இப்படி ஒரு வரி இதுல கிடையாது சார்," என்று கிசுகிசுத்தான் ஸ்க்ரூ. "சத்தியமா கிடையாது."

பெரியவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல் இருக்கை சூடாக இருந்தது. யாருக்கும் தலை வணங்காதவர் குனிந்து, ஒற்றை விரலால் தேடித் தேடித் தன் பெயரை அடித்தார். ஓகே தட்டினார்.

மின்சாரமில்லாத பிரிண்டர் தாளை இழுத்தது.

பழைய அறிக்கை. பழைய தேதி. அடியில் பெரியவரின் பெயர்.

தம்பி மனைவி அதை எடுத்து இரண்டு முறை படித்தாள்.

"அவர் கண்ணு மூடுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா மாமா?"

"அன்னைக்குக் கேன்சல் தட்டினது நான்தாம்மா. ஆனா அவன் பேரு வரும்னு எனக்குத் தெரியாது."

"நாற்காலியில உக்காந்தது நீங்கன்னு தெரியுமில்ல?"

பெட்டி மறுபடி எழும்பியது.

'வேறு யாருக்குத் தெரியும்?'

பின்னால் தட்டு விழுந்து கண்ணாடிக் குழாய்கள் நொறுங்கின. ஊசியம்மா சுவரோடு சாய்ந்திருந்தாள்.

"பெரியவர் உக்காந்ததை நான் பார்த்தேன். சொன்னா வேலை போயிடும்னு..." தானாகவே போய்த் தன் பெயரை அடித்தாள்.

தன் பெயர் அச்சான அந்த அறிக்கையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியவர் பெரியவர். தம்பி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பத்துப் பேர் முன்னால் தானே படித்தார்.

ஊசியம்மா பெயரை அடித்ததும் பெட்டி மறைந்துவிட்டது, தம்பி சாந்தியடைந்துவிட்டான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. பெட்டி மறையவில்லை. பிளக் பிடுங்கிய அந்தத் திரையில் 'வேறு யாருக்குத் தெரியும்?' என்ற அதே கேள்வியோடு இன்றும் நிற்கிறது. ஓகே மட்டும் இருக்கிறது. கேன்சல் இல்லை.