குழாய்ச் சத்தம்

வாலு வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. போட்டவர் அப்பா.

"அம்மா வயித்துல பாப்பா இருக்கு. பாப்பா வர்ற வரைக்கும் அம்மா அழவே கூடாது. சிரிச்சிக்கிட்டே இருக்கணும். புரியுதா வாலு?"

அப்பா பேருந்து ஓட்டுபவர். அம்மாவின் கண் லேசாகக் கலங்கினாலும் அவருக்குக் கை கால் ஓடாது. உடனே ஒரு கடி ஜோக் அடிப்பார். அம்மாவும் பாவம், சிரித்து வைப்பார்.

அன்று அம்மா ஒரு சட்டையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். பிரித்துத் தைத்தால் போதும். ஆனால், தையல் மெஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். உதடு நடுங்கியது.

அப்பா ஓடி வந்தார். "அதனால என்ன? போட்டுக்கிறவரைப் பின்பக்கமா நடக்கச் சொல்லிடலாம்."

அம்மா சிரித்தார். "குளிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

வாலுவுக்குப் பொறி தட்டியது. அம்மா காலையிலேயே குளித்துவிட்டாரே?

குளியலறையில் குழாய் ஓடியது. வாளி நிரம்பி வழிந்தும் நிற்கவில்லை. வாலு கதவில் காதை வைத்தாள். உள்ளே விசும்பல் கேட்டது.

அழுதால் பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ? ஆனால், அம்மா தனியாக அழுகிறாரே.

மெல்லத் தட்டினாள். "அம்மா, தண்ணி வீணாப் போகுது. வெளில வந்து அழும்மா."

குழாய் நின்றது. கதவு திறந்தது. அம்மாவின் மூக்கு சிவந்திருந்தது.

"ஏம்மா அழற?"

"ஒரு சட்டைக் கையையே ஒழுங்கா தைக்கத் தெரியல. பாப்பாவை எப்படிப் பாத்துக்கப் போறேனோன்னு பயமா இருக்கு கண்ணு."

"என்னை நல்லாத்தானே பாத்துக்கிட்ட?" என்றாள் வாலு. பிறகு குரல் இறங்கியது. "எனக்கும் ஒரு பயம் இருக்கும்மா. பாப்பா வந்தா என்னை மறந்துடுவியா?"

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். இருவரும் அங்கேயே உட்கார்ந்து ஆசை தீர அழுதார்கள். நடுவில் பாப்பா உள்ளிருந்து ஓர் உதை விட்டது. அம்மா வயிற்றில் சாய்ந்திருந்த வாலுவின் கன்னத்தில்தான் பட்டது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா பதறிக்கொண்டு வந்தார். "ஐயையோ, யாரு அழ வெச்சது?"

"யாரும் வெக்கல. அழுது முடிச்சாச்சு. இப்பப் பசிக்குது" என்றார் அம்மா. போய்ச் சட்டைக் கையைப் பிரிக்கத் தொடங்கினார்.

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார்.

"நான் குளிச்சிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போய்த் தாழ் போட்டார்.

குழாய் ஓடியது. வாளி நிரம்பி வழிந்தது.

வாலு கதவைத் தட்டினாள்.

"அப்பா, நீங்களும் வெளில வாங்க."