இருபத்தெட்டுப் பெட்டிகளும் ஒரு பசித்த முகமும்

உலகம் ஒரு நாள் அப்படியே நின்றுபோகும் என்று குண்டூசியின் அப்பா முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களைப் பெட்டியில் கட்டிக் கொடுப்பது அப்பாவின் வேலை. அவர் கட்டிய பெட்டியை மாடியிலிருந்து போட்டாலும் உள்ளே இருக்கும் முட்டை உடையாது. சும்மா சொல்லவில்லை, இரண்டு முறை போட்டுக் காட்டியிருக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் சாமான் கட்டப் போன வீட்டில் ஓர் அறை முழுக்க அரிசி, தண்ணீர், மருந்து, மெழுகுவத்தி. ஏழு வருஷத்துக்கு வருமாம்.

"இவ்வளவு வச்சுக்கிட்டு ஏன் சார் வீடு மாறுறீங்க?" என்று அப்பா கேட்டார்.

அந்த மனிதர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அப்பாவின் காதில் சொன்னார். "பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அப்பா அன்றைக்குச் சாயங்காலம் வேறு ஆளாக வீடு திரும்பினார்.

"ஒரு நாள் கரண்ட் போகும். கடை மூடும். பஸ் நிக்கும். ஒருத்தரை ஒருத்தர் நம்ப மாட்டாங்க. நாம தயாரா இருக்கணும்" என்றார்.

அம்மா பஸ் கண்டக்டர். "பஸ் நிக்குமா? எங்க டிரைவர் ஸ்டாப்புலயே நிறுத்த மாட்டாரு" என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. ஒரே மாதத்தில் வீட்டின் பின்னறையில் இருபத்தெட்டுப் பெட்டிகள் எழும்பின. தண்ணீர், பிஸ்கட், டார்ச், கையடக்க கேஸ் அடுப்பு, சோப்பு எல்லாம் அதற்குள் போயின. வீட்டிலிருந்த கத்தி, கத்தரிக்கோல், பிளேடு எல்லாமும் போயின. "ஆபத்து நேரத்துல இதெல்லாம் தேடிக்கிட்டு இருக்க முடியாது" என்றார். அன்றிலிருந்து அம்மா வெண்டைக்காயைக் கையால் ஒடித்தாள். தக்காளியை மகள் குண்டூசியின் ஸ்டீல் ஸ்கேலால் அறுத்தாள். பூசணிக்காய் வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

திருடனோ பக்கத்து வீட்டுக்காரரோ எட்டிப் பார்த்தால் ஒன்றும் புரியக் கூடாதே. அதனால் பெட்டிகளின் மேல் அப்பா பொய்யாக எழுதினார். 'கிழிந்த செருப்புகள்.' 'உடைந்த பொம்மைகள்.' 'பழைய பல்துலக்கிகள்.' ஒரு பெட்டியில் வெறுமனே 'வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

கடைசியாகப் பசித்த முகப் பயிற்சி. ஆபத்துக் காலத்தில் நம்மிடம் ஒன்றும் இல்லை என்று ஊர் நம்ப வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் கண்ணாடி முன் வரிசையாக நிற்பார்கள். அம்மா ஒவ்வொரு வாரமும் சிரித்துவிட்டு ஃபெயில் ஆவாள். குண்டூசிக்குப் பதினொரு வயது, குச்சி மாதிரி உடம்பு. கன்னத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் போதும், பார்க்கிறவர் பர்ஸைத் திறந்துவிடுவார்.

"என் தங்கமே! பத்துக்குப் பத்து!" என்பார் அப்பா.

பிறகு நிஜமாகவே புயல் வந்தது.

முதல் நாள் கரண்ட் போனது. அவர்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் மின் அடுப்புதான். ஒரு வீட்டிலும் சமையல் இல்லை. இரண்டாம் நாள், மோட்டார் ஓடாததால் குழாயில் காற்றுதான் வந்தது. தெருமுனையில் ஒரு மரம் குறுக்கே படுத்துக்கொண்டது. கடையும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

அப்பாவின் முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுக் களை. "சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?"

மூன்றாம் நாள் மதியம், மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவர அப்பா குண்டூசியைப் படிக்கட்டுக்கு அனுப்பினார். "முகம் ஞாபகம் இருக்கட்டும்."

கீழ் வீட்டில் தையல்கார அக்காவும் அவள் ஐந்து மாதக் குழந்தையும் இருந்தார்கள். குழந்தை காலையிலிருந்து அழுதுகொண்டே இருந்தது. அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் நடந்து கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா அழறான்?"

"பசிடி. பால் பவுடர் டப்பா நிறைய இருக்கு. கலக்க வெந்நீர்தான் இல்ல. ஃபிளாஸ்க்ல இருந்ததைச் சொட்டுச் சொட்டா குடுத்து நேத்தே தீர்ந்துபோச்சு. பச்சைத் தண்ணியும் ஒரு டம்ளர்தான் கிடக்கு, அதைக் கலந்து குடுக்கப் பயமா இருக்கு." அக்கா குண்டூசியின் முகத்தைப் பார்த்தாள். "அய்யோ, நீ என்னடி இப்படி வாடிக் கிடக்கே!"

குண்டூசி முகத்தைச் சரிசெய்வதற்குள் அக்கா உள்ளே போய் ஒரு பன்னைக் கொண்டுவந்துவிட்டாள். வீட்டில் இருந்த ஒரே பன். ஓரம் கொஞ்சம் காய்ந்திருந்தது.

"வேண்டாம்க்கா..."

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு. வளர்ற பொண்ணு."

குண்டூசி பன்னோடு மாடியேறினாள். பத்துக்குப் பத்து வாங்கிய முகம் இப்போது சூடாக இருந்தது. பன்னைத் தின்னவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

வீட்டில், பெட்டிக்கு வெளியே இருந்ததெல்லாம் தீர்ந்துபோனதால், அப்பா முதல் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒட்டியிருந்தது பியானோ கட்டுகிற டேப். உள்ளே நூலிழை ஓடுவதால் இழுத்தால் கிழியாது. ஸ்டீல் ஸ்கேல் வளைந்து கேள்விக்குறி ஆகியிருந்தது. அப்பா பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

"கத்தரிக்கோல் எங்கேப்பா?"

"பெட்டியில."

"எந்தப் பெட்டியில?"

"அதையெல்லாம் ஒரு பட்டியல்ல எழுதி வச்சிருக்கேன்" என்றார் அப்பா கம்பீரமாக.

"பட்டியல் எங்கே?"

"அதுவும் பத்திரமா ஒரு பெட்டியிலதான்."

"எந்தப் பெட்டின்னு தெரியுமா?" என்றாள் அம்மா.

"அது பட்டியல்ல எழுதியிருக்கு" என்று சொன்ன பிறகுதான் அப்பாவுக்கே தான் சொன்னது காதில் விழுந்தது. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

அரை மணி நேரம் கடித்து, பிய்த்து, 'கிழிந்த செருப்புகள்' திறந்தது. அதில்தான் பிஸ்கட் என்று அப்பா சத்தியம் செய்தார். உள்ளே நாற்பது சோப்புகள்.

"நல்ல வாசனை" என்றாள் அம்மா.

கீழேயிருந்து குழந்தையின் அழுகை தரையைத் துளைத்துக்கொண்டு வந்தது. இப்போது குரல் கம்மியிருந்தது. குண்டூசி பன்னைச் சோப்புகளின் மேல் வைத்தாள்.

"இது ஏது?" என்றார் அப்பா.

"என் மூஞ்சியைப் பார்த்துட்டு அக்கா குடுத்தாங்க. அவங்ககிட்ட இருந்ததே இது ஒண்ணுதான். பாப்பாவுக்கு வெந்நீர் இல்லப்பா. நம்மகிட்ட அடுப்பு இருக்கு, தண்ணி இருக்கு."

அப்பா பன்னைப் பார்த்தார். சோப்பைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "இருக்குதான். ஆனா பெட்டியில என்ன இருக்குன்னு வெளியில தெரியக் கூடாதும்மா. அதுதான் முதல் விதி."

"நமக்கே தெரியலையே! அப்புறம் எப்படி வெளியில தெரியும்?"

அப்பா வாயைத் திறந்தார். அதற்குப் பதில் எந்தப் பெட்டியிலும் இல்லை.

"அக்காகிட்ட பெரிய கத்தரிக்கோல் இருக்கு" என்றாள் குண்டூசி. "நாலு மடிப்புத் துணியை ஒரே வெட்டுல வெட்டும்."

அப்பா யோசித்தார். "சரி. கத்தரிக்கோலை மட்டும் வாங்கிட்டு வா. மட்டும்!"

குண்டூசி இரண்டிரண்டு படியாகத் தாவினாள். அப்பாவுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். எந்தத் தையல்காரரும் துணி வெட்டும் கத்தரிக்கோலை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார். போன வருஷம் பள்ளிக்கூட வேலைக்கு அட்டை வெட்டக் கேட்டபோது அக்கா அவளை முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை.

அப்படியேதான் நடந்தது.

"கத்தரிக்கோலா? குடுக்க முடியாது" என்றாள் அக்கா. "வேணும்னா நானே எடுத்துக்கிட்டு வரேன்."

"பாப்பா?"

"அவனை யார்கிட்ட விட்டுட்டு வரது? அவனும்தான் வருவான்."

"வாங்கக்கா" என்றாள் குண்டூசி ரொம்ப நல்ல பிள்ளையாக.

வாசலில் கத்தரிக்கோல், அக்கா, குழந்தை என்று மூன்றும் வந்து நின்றதைப் பார்த்த அப்பா, மகளை ஒரு பார்வை பார்த்தார். அவள் கூரையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

அக்கா பெட்டிகளைப் பார்த்தாள். "என்னண்ணா இது, 'பழைய பல்துலக்கிகள்'? இதைத் திறந்து என்ன பண்ணப் போறீங்க?"

"அக்கா, இதுல ஒண்ணுல அடுப்பு இருக்கு, இன்னொண்ணுல தண்ணி இருக்கு" என்றாள் குண்டூசி. "எதுலன்னுதான் தெரியாது."

அக்கா கத்தரிக்கோலைத் தடவினாள். "இதால நான் காகிதத்தைக்கூட வெட்டினதில்ல" என்றாள். அப்போது குழந்தை விக்கி விக்கி அழுதது. அக்கா குழந்தையை அப்பாவின் கையில் கொடுத்தாள். கரக்! பியானோ டேப் பொட்டென்று விட்டது.

பெட்டியில் டார்ச்சுகள். அடுத்ததில் கையுறைகள். அதற்கடுத்ததில் மறுபடி சோப்பு.

"எத்தனை வருஷம் குளிக்கிறதா உத்தேசம்?" என்றாள் அம்மா.

அப்பா கையில் வீறிடும் குழந்தையோடு அறையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். "சீக்கிரம்! சீக்கிரம் வெட்டுங்கம்மா! புள்ளைக்குத் தொண்டை காஞ்சுபோச்சு! அந்தப் பக்கம் இருக்கறதை முதல்ல பாருங்க!" மூன்று நாளில் முதல்முறையாக அவர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் குழாய் மாமா எட்டிப் பார்த்தார். ஊரில் பாதி வீட்டுக் குழாய்களை ரிப்பேர் செய்தவர். "தண்ணியா தேடறீங்க? தட்டிப் பார்த்தே சொல்லிடுவேன்."

அவர் ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்துத் தட்டினார். "இதான்! சந்தேகமே இல்ல!"

அது கொசுவலை.

"ரொம்ப நல்லாக் கட்டியிருக்கீங்க சார், ஒரு சத்தமும் வெளிய வரல" என்றார் மாமா. அந்த நிலைமையிலும் அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அதற்குள் மேல்மாடிக்காரர்களும் படியில் சேர்ந்துவிட்டார்கள். அம்மாவுக்குத் தொழில் புத்தி வந்தது. "படியில நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க! பெட்டியைப் பிடிக்கறவங்க இடது பக்கம், டேப்பை உரிக்கறவங்க வலது பக்கம்!" ஐந்து நிமிஷத்தில் பின்னறை, நெரிசல் நேரத்துப் பஸ் மாதிரி ஆனது. ஆனால் வேலை ஓடியது.

'வேண்டாம்' பெட்டியில் தண்ணீர் இருந்தது. 'உடைந்த பொம்மைக'ளில் அடுப்பு.

"தீப்பெட்டி?" என்றாள் அக்கா.

எல்லோரும் மீதிப் பெட்டிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். குழாய் மாமா சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தார். பிளாஸ்டிக் குழாயை வாட்டி வளைக்க எப்போதும் வைத்திருப்பாராம்.

குப்பென்று நீல நெருப்பு பிடித்தது. தண்ணீர் கொதிக்கும் வரை எல்லோரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது ஆறும் வரை எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அக்கா கீழே ஓடிப் பால் பவுடரும் பாட்டிலும் எடுத்துவந்து பாலைக் கலக்கி, கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பாட்டிலை அப்பாவிடம் நீட்டினாள். குழந்தை அவர் சட்டையை இறுகப் பிடித்திருந்ததால் யாராலும் பிரிக்க முடியவில்லை.

குழந்தை குடித்தது. மூச்சு விடாமல் குடித்தது. குடித்து முடித்துப் பெரியவர்கள் மாதிரி ஓர் ஏப்பம் விட்டது. பிறகு அப்பாவின் தோளிலேயே கண்ணை மூடியது.

"ரெண்டு நாளா இவன் கண்ணை மூடலண்ணா" என்றாள் அக்கா. அம்மா பன்னைப் பிய்த்து அவளுக்குப் பாதியும் குண்டூசிக்குப் பாதியும் கொடுத்தாள்.

சாயங்காலம் வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பிஸ்கட் கிடைத்தது. அடுப்பில் ஒருவர் மாற்றி ஒருவர் கஞ்சி வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் மெல்லிய குரலில் பேசினார்கள், இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்கள். அப்பா மட்டும் சுவரோடு சாய்ந்து, அசையாமல், தோளில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அப்போதுதான் பளீரென்று விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றியது. தெருவே "ஹேய்!" என்று கத்தியது.

குழந்தை முகத்தைச் சுளித்தது.

அப்பா மரத்த காலை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி சுவிட்சை நோக்கி விரைந்தார். மூன்று நாளாக ஊரே காத்திருந்த கரண்டை ஒரே தட்டில் அணைத்தார்.

"உஷ்ஷ்" என்றார். "இப்பதான் தூங்கினான்."