நீலம் வராத குழிகள்

மத்தியான மழை ஜன்னலில் சோம்பலாக வழிந்துகொண்டிருந்தபோது இரத்தப் பரிசோதனைக்கூடத்துக்காரம்மா துப்பறியும் அலுவலகத்துக்குள் வந்தாள். துப்பறிகிறவரை எல்லாரும் தூங்குமூஞ்சி என்பார்கள். எதையும் அரைக்கண் மூடியபடிதான் கேட்பார். குறிப்பெடுக்க அவருடைய மச்சினன் துடியாய்த் துடித்தான்.

"நாலு மணிக்குள்ள ராஜினாமா எழுதித் தரணுமாம், சார். பதினோரு வருஷ வேலை," என்றாள். "இரத்தத்துல எதிர்ப்பொருள் இருந்தா தட்டுல இருக்கிற குழியில நீலம் வரணும். இருக்குன்னு உறுதியான இரத்தமே இன்னைக்கு வெள்ளையா நிக்குது. நான் இரத்தக் குப்பிகள மாத்திட்டேங்கிறாரு மேலாளர்."

"எல்லாக் குழியுமா?"

"நடுவுல கரண்ட் போயி, தட்டு கழுவுற மெஷின் நின்னுருச்சு. கடைசி ரெண்டு வரிசைய மட்டும் கையால கழுவினேன். அதே இரத்தம்தான், அது நீலமாச்சு."

மேலாளர் கதவைத் திறந்துவிட்ட பரிசோதனைக்கூடத்தில் குளிர்பெட்டி தாலாட்டுப்போல் முனகியது. மழை வெளிச்சத்தில் கண்ணாடிக் குழாய்களெல்லாம் மிதப்பதாக மச்சினனுக்குப் பட்டது. கனவுக்குள் நடக்கிறோமோ என்று தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டான். தட்டுக்குப் பக்கத்திலேயே ஹீட்டர் இருந்தது.

"அத்தான், சூடுதான் குற்றவாளி."

"சூடு மிஞ்சினா எதிர்ப்பொருளோட பிடி விட்டுப்போகும், வாஸ்தவம்தான். ஆனா ஒரே தட்டுல ரெண்டு வரிசைய மட்டும் விட்டுட்டா சுடும்?" என்ற தூங்குமூஞ்சி, தட்டு கழுவும் இயந்திரத்தின் மூக்கைத் தடவினார். "இது எப்பவும் இப்படிப் பளபளன்னா இருக்கும்?"

"இல்ல சார். சனிக்கிழமைகூட உப்பு படிஞ்சு வெள்ளையா இருந்துச்சு."

மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "பார்வையிட ஆள் வராங்கல்ல. நேத்து லீவு நாள்லயும் நானே வந்து இதோட தொட்டியில சிட்ரிக் ஆசிட் ஊத்தி ஊற வெச்சேன்."

"அப்புறம் கொட்டினீங்களா?"

மேலாளர் அவசரமாகத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பரிசோதனைக்காரம்மாவின் முகம் மாறியது. "அது தெரியாம காலையில நான் அதுமேலயே கழுவுற திரவத்த ஊத்தியிருக்கேன், சார்."

தூங்குமூஞ்சி நீல லிட்மஸ் தாளை அந்தத் தொட்டியில் நனைத்தார். தாள் சிவந்தது.

"எதிர்ப்பொருள் பிடிக்க வேண்டியத கெட்டியாத்தான் பிடிச்சிருந்துச்சு. இவ்வளவு புளிப்பு பட்டதும் கைய விட்டுருச்சு. கழுவின தண்ணியோட எல்லாம் போயிருச்சு. இந்தத் தொட்டித் திரவம் படாம கையால கழுவின வரிசை மட்டும் தப்பிச்சுது."

அவள் புதுத் தட்டு ஒன்றை எடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் கையாலேயே செய்தாள். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், நான்கு பேரும் மூச்சடக்கிக் குனிந்திருக்க, குழிகளில் நீலம் விடியலைப்போல் மெல்ல ஊறியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேலாளர் மேசை மேலிருந்த ராஜினாமாத் தாளைச் சத்தமில்லாமல் மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். பிறகு பாவம்போல், "அந்தத் தொட்டிய நானே கழுவிடட்டுமாம்மா?" என்றார்.

"வேண்டாம் சார்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இனிமே அதத் தொடாம இருங்க, அது போதும்."