ஸ்பேனருக்கு வைத்த பொட்டு

பட்டாசு முதலாளி வெள்ளைத்துரை தன் காருக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தார்!

பின்மண்டை பிளந்திருந்தது. அருகில் ஒரு கருங்கல். வண்டி உருண்டுவிடாமல் இருக்க டயருக்கு முட்டுக் கொடுப்பார்களே, அந்தக் கல். அதில் ரத்தமும் நரைமுடியும் ஒட்டியிருந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. ஆயுத பூஜை தினம். சிவகாசியிலிருந்து தாயில்பட்டிக்குப் போகிற சாலையில், அய்யனார் கோயிலுக்கு எதிரே, ஆள் நடமாட்டமே இல்லாத உடைமரக் காடு. லேண்ட்மாஸ்டர் காரின் முகப்பில் சாமந்தி மாலை தொங்கியது. பானெட்டில் பெரிதாகச் சந்தனப் பொட்டு.

பண்டிகைச் சாப்பாட்டில் பாயசத்துக்கு முன்னால் எழுந்து வந்த கடுப்பு இன்ஸ்பெக்டர் தங்கச்சாமிக்கு. எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றவனை முறைத்தார்.

டிரைவர் சோலைச்சாமி.

அவன் சொன்ன கதை இதுதான். முதலாளி தாயில்பட்டி யூனிட்டில் பூஜை போடக் கிளம்பினார். வழக்கம்போல அய்யனாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கினார். திரும்பி வந்து ஏறினால் வண்டி கிளம்பவில்லை! மேட்டுச் சாலை. தனி ஆளாகத் தள்ள முடியாது. இறங்கித் தள்ளுகிற முதலாளியும் இல்லை அவர். என்னவென்று கழற்றிப் பார்க்கலாமென்றால் ஸ்பேனர் இல்லை. சுற்றிக் கிளப்ப ஹேண்டிலும் இல்லை. எல்லாம் கம்பெனியில் பூஜையில் இருந்தன. சாமி முன்னால் வைத்த சாமானை மறுநாள் பூஜை முடியும்வரை எவன் தொடுவான்?

முதலாளியை மர நிழலில் விட்டுவிட்டுத் தாயில்பட்டிக்கு நடந்தான். அங்கேயும் அதே கதை. எந்தப் பட்டறையிலும் ஸ்பேனர் தரவில்லை. கடைசியில் கருப்பணன் என்கிற, உழுது பிழைக்கிற சம்சாரியைக் கெஞ்சி, அவருடைய காளைகளைக் கயிற்றோடு ஓட்டி வந்தான், வண்டியைக் கட்டி இழுக்க. வந்து பார்த்தால்... பிணம்!

காளைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற கருப்பணன், ஆமாம் என்று தலையாட்டினார்.

இன்ஸ்பெக்டர் டிரைவர் சீட்டில் ஏறினார். சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் குமிழைப் பிடித்து இழுத்தார்.

டுர்ர்ர்...

ஒரே இழுப்பு. வண்டி கிளம்பிவிட்டது!

சோலைச்சாமியின் முகம் செத்துப்போயிற்று.

"ஏலே, கெளம்பாத வண்டி இதுதானா?"

"சத்தியமா கெளம்பலய்யா..."

ஏட்டு சுந்தரபாண்டி அதற்குள் விலங்கை மாட்டிவிட்டார். கொன்றவனுக்குக் காரணமும் பொருத்தமாக இருந்தது. ஆடி மாதம் தாயில்பட்டி யூனிட்டில் கலவை ஷெட் வெடித்ததே, அதில் கருகிச் செத்தவள் சோலைச்சாமியின் ஒரே மகள் ராமுத்தாய். ஷெட் வாசலில் செப்புத் தகடு அடித்திருக்கும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் பூமிக்கு இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் வெடிமருந்துக்குப் பக்கத்தில் போக வேண்டும். ராமுத்தாய் தொடாமல் போய்விட்டாள், அதனால் வந்த வினை என்று கம்பெனி சொன்னது. செத்தவள் வந்து மறுத்துப் பேசவா போகிறாள்?

மகளை எரித்த மறுவாரமே சோலைச்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

மகளுக்காக அப்பன் செய்த கொலை. கேஸ் முடிந்தது. தூக்குக் கயிறு ஒன்றுதான் பாக்கி!

ஆனால் இன்ஸ்பெக்டருக்கு ஒன்று உறுத்தியது. பொய் சொல்ல நினைத்தவன், ஒரு குமிழை இழுத்தால் உடைந்துபோகிற பொய்யையா சொல்வான்? வண்டி கிளம்பாதபோது என்னவெல்லாம் பார்த்தாய், ஒன்று விடாமல் சொல்லு என்றார்.

"லைட்டு எரிஞ்சுச்சுய்யா. ஹாரனும் அடிச்சுச்சு. ஸ்டார்ட்டர இழுத்தா மட்டும் டக்குன்னு ஒரு சத்தம், லைட்டு மங்கிரும். பேட்டரி புதுசு. பானெட்டத் தூக்கித் தடவிப் பாத்தேன். எர்த் ஒயரப் பாடியில மாட்டுற எடம் கொதிக்குது. நட்டு லூசு. கையால முறுக்குனேன், பிடிக்கல."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போன கோடையில் இதே நோவு கண்டு அவருடைய ஜீப் காரியாபட்டி ரோட்டில் அவரை வெயிலில் வறுத்தெடுத்திருக்கிறது. பேட்டரியிலிருந்து புறப்படுகிற கரண்ட், வண்டியின் பாடி வழியாக எர்த் ஒயரில் ஏறித் திரும்ப வேண்டும். லைட்டுக்கும் ஹாரனுக்கும் கொஞ்சம் போதும். நட்டு தளர்ந்திருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டருக்கோ வெள்ளமாய்ப் பாய வேண்டும். தளர்ந்த இடத்தில் அது முட்டி நின்று, அந்த இடத்தையே சுட்டுப் பொசுக்கும்.

பானெட்டைத் தூக்கினார். எர்த் ஒயரின் நட்டைத் திருகினார். அசையவில்லை. பாறைபோல் இறுகியிருந்தது!

ஏட்டு சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நட்டைச் சுற்றிப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்திருந்தது. ஒயரின் முனையில் புதுக் கரி. இன்றைக்குச் சூடேறிய இடம்தான். டிரைவர் சொன்னது உண்மை. அவன் அந்தப் பக்கம் போன பிறகு யாரோ வந்து நட்டை முறுக்கியிருக்கிறான்!

இன்னும் குனிந்து பார்த்தார். நட்டின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

சந்தனம்.

பானெட்டுக்குப் பொட்டு வைப்பார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் நட்டுக்கு எவன் வைப்பான்? பூஜையில் இருந்த ஸ்பேனர் இங்கே வந்து போயிருக்கிறது!

பொழுது சாய்வதற்குள் ஜீப், விலங்கு மாட்டிய சோலைச்சாமியையும் ஏற்றிக்கொண்டு, சிவகாசிக் கம்பெனி வாசலில் நின்றது.

வெள்ளைத்துரையின் மைத்துனரும் தொழில் கூட்டாளியுமான ரத்தினசாமி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கூடவே வளர்த்த பாம்பு கொத்திவிட்டது என்று சோலைச்சாமியைச் சபித்தார். இன்ஸ்பெக்டர் அனுதாபமாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், சாமி கும்பிட வேண்டும், பூஜை அறையைத் திறங்கள் என்றார்.

ரத்தினசாமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். காலையில் பூஜை முடிந்ததும் தன் கையால் பூட்டியது, அதற்கப்புறம் திறக்கவே இல்லை, சாவியும் இடுப்பை விட்டு இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே திறந்தார்.

உள்ளே அம்பாள் படத்துக்கு முன்னால் கம்பெனிச் சாமான் எல்லாம் வரிசையாக இருந்தன. தராசு, சல்லடை, கத்தி, கார் ஹேண்டில், ஸ்பேனர்கள். ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். காலையில் வைத்த பொட்டுகள் காய்ந்து வெடித்திருந்தன.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஒரு ஸ்பேனரில் விரல் நின்றது.

"மத்த பொட்டெல்லாம் உதிருது, ரத்தினசாமி. இது மட்டும் ஈரமா இருக்கே?"

ரத்தினசாமி அந்த ஸ்பேனரைப் பார்த்தார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"கையில பட்டுப் பழைய பொட்டு அழிஞ்சுபோச்சுய்யா... பொட்டில்லாம அம்பாளுக்கு முன்னால வைக்க மனசு வரல."

பாருங்கள் கூத்தை! மச்சானைக் கொல்லக் கிளம்பியபோது வராத கூச்சம், பொட்டில்லாத ஸ்பேனருக்கு வந்திருக்கிறது. பக்திமான்!

திட்டம் முழுவதையும் கக்கிவிட்டார். கம்பெனி மொத்தமும் தனக்கே வர வேண்டும். காலையில் எல்லோரும் பலகாரம் சாப்பிடப் போன நேரத்தில் எர்த் நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஓடுகிற வண்டிக்கு ஸ்டார்ட்டர் தேவையில்லை. கோயிலில் நிறுத்தினால்தான் அகப்படும். அதற்குள் மேடு பள்ளத்தில் குலுங்கி நட்டு இன்னும் கழன்றிருக்கும். டிரைவர் உதவி தேடிப் போவான். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் போய் மச்சானை முடித்துவிட்டு, நட்டை முறுக்கிவிட்டால் போதும். கிளம்பாத வண்டி கிளம்பும், டிரைவர் பொய்யனாவான், பழி அவனோடு போகும்.

"ஆனா நான் கொல்லலய்யா. நான் போறதுக்கு முன்னாலயே மச்சான் செத்துக் கெடந்தாக. நட்ட மட்டும்தான் முறுக்கிட்டு வந்தேன்..."

ஏட்டு சுந்தரபாண்டி சோலைச்சாமியின் கையிலிருந்த விலங்கைக் கழற்றி ரத்தினசாமிக்கு மாட்டினார்.

கோர்ட்டிலும் ரத்தினசாமி இதையேதான் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். கொல்லப் போனானாம், போவதற்குள் வேறு எவனோ கொன்றுவிட்டானாம்! நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தார். அப்பீலும் தோற்றது. இன்ஸ்பெக்டர் தங்கச்சாமிக்கு மேலிடத்துப் பாராட்டுப் பத்திரம் வந்தது.

ஒரு நாள் காலை, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சோலைச்சாமி ஸ்டேஷனுக்கு வந்தான். பழத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கும்பிட்டான். அறையில் வேறு யாரும் இல்லை.

இன்ஸ்பெக்டருக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. பேச்சுக்காகக் கேட்டார்.

"எர்த் போச்சுன்னு சொன்னப்ப ஒங்க மொதலாளி என்னலே சொன்னாரு?"

சோலைச்சாமி தரையைப் பார்த்தான்.

"எர்த்துன்னா என்னலேன்னாக. நம்ம கலவை ஷெட்டுத் தகட்டுலருந்து பூமிக்கு ஒயர் போகுதுல்ல மொதலாளி, அது மாதிரின்னு சொன்னேன்."

"சரி..."

"சிரிச்சாக. அந்தத் தகட்டுக்கு ஏதுலே ஒயரு, ஆபீசருங்க பார்வைக்கு ஆணியடிச்சு வச்சதுதானேன்னாக. ஒயர் புதைக்கிறது தண்டச் செலவுன்னு ரத்தினசாமி சொன்னான், நானும் சரின்னுட்டேன்னாக."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எம்மக தெனமும் அந்தத் தகட்டத் தொட்டுக் கும்பிட்டுத்தான்யா உள்ள போவா. நான் அது தெரியாம, எரிஞ்ச புள்ளையவே வஞ்சேன். கவனமில்லாத சிறுக்கின்னு வஞ்சேன்..."

"அப்புறம் என்னலே செஞ்ச?"

"டயருக்கு வச்ச கல்லு கையெட்டுற தூரத்துல கெடந்துச்சு."

இன்ஸ்பெக்டர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இத ஏன்லே அன்னைக்கே சொல்லல?"

"வண்டி கெளம்புச்சா கெளம்பலையான்னுதான் எல்லாரும் கேட்டீக. அதுக்கு உண்மையத்தான் சொன்னேன்."

"ரத்தினசாமி தூக்குல தொங்கப் போறான்லே."

"அவுக சொல்லித்தானய்யா ஒயர் புதைக்கல."

மறுபடியும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சோலைச்சாமி படியிறங்கி நடந்தான். அவசரமே இல்லாத நடை. இன்ஸ்பெக்டர் கூப்பிட வாயைத் திறந்தார். சாட்சி இல்லை. கேட்டால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பான். பாராட்டுப் பத்திரம் வேறு சுவரில் தொங்குகிறது. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டார்.

ஏட்டு சுந்தரபாண்டி உள்ளே வந்து, சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தார்.

"நல்லவேளை, நீங்க அந்த நட்டக் குனிஞ்சு பாத்தீக. இல்லேன்னா குத்தம் செய்யாத ஒருத்தன் கொலைகாரன்னு தூக்குல தொங்கியிருப்பான்ய்யா."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கவலப்படாதய்யா... அதுல ஒரு மாத்தமும் இல்ல!"