தோட்டில் இருந்த யானை

செவ்வாயின் மூன்றாம் குவிமாடத்தில் அன்று விலங்குக் கணக்கெடுப்பு. எதிர்வீட்டார் சிங்கத்தை டப்பாவோடு வாசலில் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் காண்டாமிருகம் பட்டுத்துணியில் காத்திருந்தது. கோமதி மட்டும் வாசலுக்கே வரவில்லை. அவள் வீட்டு யானை, மகள் துளிரின் காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆப்பிரிக்காவின் கடைசி விலங்கும் செத்தபின், குடும்பத்துக்கொரு தங்கக் காசு கொடுத்தார்கள். காசின் மேல் விலங்கின் உருவம். தங்கத்துக்குள் அதன் உயிர்மணல். என்றாவது அதிலிருந்து அந்த விலங்கையே மறுபடி பிறக்க வைக்கலாம். காசைக் காக்காத குடும்பத்துக்குக் குவிமாடத்தில் இடமில்லை. வெளியே காற்று இல்லை.

கோமதி என்ன செய்வாள்? காதுகுத்துக்குத் தாய்மாமன் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து நின்றான். சபையில் மானம் போகாமலிருக்க, யானையை உருக்கித் தோடாக்கிவிட்டாள்.

"முடியை முன்னால போட்டுக் காதை மறைடி!"

"மூணு வருசமா போட்டிருக்கேன், இன்னைக்கு என்னம்மா புதுசா?"

"வாயை மூடு. வந்துட்டாரு."

ஆய்வாளர் பிச்சமுத்து உள்ளே வந்தார். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. "யானையைக் காட்டுங்கம்மா."

கோமதி மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்தாள். அதற்குள் அவர் கையிலிருந்த கருவி துளிரின் பக்கம் திரும்பிக் கீச்சென்று கத்தியது. கோமதி பொத்தென்று அவர் காலில் விழுந்தாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன் சார்! என்னை வேணா வெளிய தள்ளுங்க, பிள்ளையை விட்டுடுங்க!"

பிச்சமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா... உசிரோட இருக்கும்மா!"

"எது சார்?"

"உங்க யானை! காலையிலேர்ந்து இருநூறு வீடு பார்த்துட்டேன். கீறல் விழுந்தா விலை இறங்கிடும்னு ஒருத்தரும் டப்பாவையே திறக்கலை. உயிர்மணல் உலைச்சூட்டையும் தாங்கும். மனுசச் சூடு படலைன்னாத்தான் செத்துடும். சிங்கம், காண்டாமிருகம், வரிக்குதிரை எல்லாம் இப்ப வெறும் தங்கம்."

கோமதிக்கு மூச்சு வந்தது. "அப்ப யானையைப் பிறக்க வைப்பீங்களா சார்?"

"அதுக்குத் தோட்டை வெட்டணுமே!" என்று பதறினார் பிச்சமுத்து. கையுறை மாட்டிக்கொண்டு தோடுகளைக் கழற்றினார். கண்ணாடி டப்பாவில் வைத்து, காற்றை உறிஞ்சியெடுத்து, முத்திரை ஒட்டினார்.

துளிர் வெறுங்காதைத் தடவினாள். "சார், அதுக்குக் குளிருமே?"

"தெரியும் பாப்பா. ஆனா இனிமே இது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. கை பட்டா விலை இறங்கிடும்ல?"