மாடிவீட்டு அக்கா கேட்டது

"என்னது, காலி பண்றாங்களா?"

பள்ளியிலிருந்து வந்த திரிஷா, தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆமாம்மா. அடுத்த மாசம் கிளம்புறாங்களாம்," என்றாள் அம்மா சம்பூர்ணம்.

அவர்கள் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள் கிரேஸ் அக்காவும் மணிவண்ணன் அண்ணனும். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இருவருக்கும் வேலை. திரிஷாவுக்குப் பின்னக் கணக்கு புரிந்ததே கிரேஸ் அக்கா சொல்லித் தந்த பிறகுதான். அந்த அக்கா போய்விடுவாளா?

அப்பா ராஜவேலு, ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அவருக்கும் அதிர்ச்சிதான்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு என்னதான் வேணும்? புது டைல்ஸ் போட்டேன். ஹீட்டர் வெச்சேன். ஏசி வேணுமோ?"

"லிஃப்ட் வேணுமோ என்னவோ," என்றாள் அம்மா.

"ஒரே ஒரு மாடிக்கு லிஃப்ட்டா!" அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன்பா, அவங்களையே கேட்டீங்களா?" என்றாள் திரிஷா.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். இருவருமே கேட்கவில்லை!

அன்று சாயங்காலம் திரிஷா அம்மாவோடு மெயின் ரோட்டுக் கடைக்குப் போனாள். இட்லி மாவுக்குக் கூட்டம் நின்றது. பொழுது இருட்டிவிட்டது. அப்போது கம்பெனி பஸ்ஸிலிருந்து கிரேஸ் இறங்கினாள்.

"நீ அக்காவோட வீட்டுக்குப் போ. நான் வாங்கிக்கினு வரேன்," என்றாள் அம்மா.

"ஏங்க்கா போறீங்க? புது வீட்ல நீச்சல் குளம் இருக்குதா?" என்று கேட்டாள் திரிஷா.

கிரேஸ் சிரித்துவிட்டாள். "அதெல்லாம் இல்ல. அது இதைவிடச் சின்ன வீடுதான்."

"அப்புறம் ஏன்?"

"வா, நடந்துக்கினே சொல்றேன்."

அது திரிஷா பிறந்ததிலிருந்து ஓடி விளையாடிய தெரு. ஒவ்வொரு வாசலும் அவளுக்கு அத்துப்படி. ஆனால் இருட்டிய பிறகு அவள் எங்காவது போனால் அப்பாவின் ஆட்டோவில்தான் வருவாள். நடந்து வந்ததே இல்லை.

தெரு வளைவைத் தாண்டியதும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெருவிளக்கு இல்லை. எதுவுமே தெரியவில்லை! வாசல் எங்கே, சாக்கடை எங்கே, படிக்கட்டு எங்கே? கிட்டத்தில் ஏதோ ஒரு நாய் உறுமியது. கிரேஸ் அக்கா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக நடந்தாள். அந்த உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது.

"தினமும் இப்படித்தானாக்கா?"

"ஆமாம்மா. அவருக்கு வேற ஷிஃப்ட். வீட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்தினா காலையிலதான் திறக்கிறேன். ஏசியெல்லாம் யாருக்கு வேணும்? பயமில்லாம நடந்து வரணும். சாப்பிட்டுட்டு வெளிய வந்து நாலு பேரோட பேசணும். அவ்ளோதான்."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"உனக்காகத் தெரு பூரா லைட் போடணுமான்னு கேட்டுட்டா? அதான் சொல்லல."

இவ்வளவுதானா? இதற்காகவா வீட்டையே மாற்றுகிறார்கள்?

மறுநாள் சாயங்காலம் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, கிரேஸ் அக்காவக் கூட்டிக்கினு வரலாம், வா."

"சரி, ஆட்டோவுல ஏறு."

"ஆட்டோ வேணாம். நடந்து வா."

"ஆட்டோக்காரனையே நடக்கச் சொல்றியேம்மா!" அப்பா முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்.

வளைவு வந்தது. அப்பா தடுமாறினார். ஆட்டோவில் வரும்போது முன்விளக்கு வழி காட்டும். நடந்து வருபவர்களுக்கு அது ஏது?

"என்னம்மா இது, ஒண்ணுமே தெரிய..."

சொல்லி முடிப்பதற்குள் யார் மேலோ மோதிவிட்டார்.

"ஐயோ! திருடன்! திருடன்!"

"ஐயோ! பேய்!" என்று அப்பாவும் அலறினார்.

பயத்தில் திரிஷாவும் சேர்ந்து கத்தினாள். படபடவென்று கதவுகள் திறந்தன. யாரோ டார்ச் அடித்தார்கள். பார்த்தால், காலிக் குப்பைக்கூடையோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறார் வளைவு வீட்டு வடிவாம்பாள் அத்தை! குப்பை முழுக்க அப்பாவின் சட்டையில். தோளில் ஒரு வாழைப்பழத் தோல்.

"ஏம்பா ராஜவேலு, இப்படியா வந்து இடிப்ப? என் உயிரே போயிடுச்சு!"

"உங்க வாசல் லைட்டப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்லக்கா!"

"பூச்சி வருதுன்னு போடறதில்ல. உன் வாசல்ல மட்டும் எரியுதா?"

அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் வாசலும் இருண்டுதான் கிடந்தது.

"அத்தே," என்றாள் திரிஷா மெதுவாக. "இன்னிக்கு ஒரு நாளைக்கே நாம இப்படி பயந்துட்டோம். கிரேஸ் அக்கா தினமும் தனியா இதே வழியாத்தான் வராங்க. அதனாலதான் வீட்டைக் காலி பண்றாங்க."

"அடக் கடவுளே! அந்தப் பொண்ணு ஏன் எப்பவும் ஓடிக்கினே வருதுன்னு நெனைப்பேன்," என்றார் வடிவாம்பாள். விறுவிறுவென்று உள்ளே போய் சுவிட்சைத் தட்டினார். வாசல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. "பூச்சி வந்தா வரட்டும்!"

திரிஷா அடுத்த வீட்டுக்கு ஓடினாள். அதற்கடுத்த வீட்டுக்கும் ஓடினாள். "எங்க கிரேஸ் அக்கா வர்ற நேரம். வாசல் லைட்டப் போடறீங்களா, ப்ளீஸ்?" அவள் ஓட ஓட, தெருவின் இரண்டு பக்கமும் விளக்குகள் எரிந்துகொண்டே வந்தன.

சற்று நேரத்தில் கிரேஸ் தெருவுக்குள் நுழைந்தாள். வளைவில் அப்படியே நின்றுவிட்டாள். வேறு தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பி மெயின் ரோட்டைப் பார்த்தாள்.

"நம்ம தெருதான்க்கா, வாங்க!" என்று கத்தினாள் திரிஷா.

கிரேஸின் கண்கள் கலங்கின.

"உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நான்பாட்டுக்கு டைல்ஸ் போட்டுக்கினு இருந்தேனேம்மா," என்றார் அப்பா, தோளில் இருந்த தோலைத் தட்டிவிட மறந்து.

மணிவண்ணன் அண்ணன் மறுநாளே புது வீட்டுக்காரருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரும் கிரேஸும் தெருவில் கயிறு கட்டி ஷட்டில் ஆடினார்கள். அக்கம்பக்கத்து அண்ணன்களும் அக்காக்களும் கூடிவிட்டார்கள். ஒரே சத்தம். திடீரென்று பந்து பறந்து வடிவாம்பாள் வீட்டுக்குள் விழுந்தது.

சத்தம் அடங்கியது. கதவு திறந்தது. வடிவாம்பாள் பந்தோடு வெளியே வந்தார். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகினார்.

"யாருடா இது ஆடத் தெரியாம அடிக்கிறது? நான் ஸ்கூல் டீம்ல ஆடினவ. அந்த மட்டைய இப்படிக் குடு!"

தெருவே வாயைப் பிளந்து நிற்க, அவர் அடித்த முதல் அடி மணிவண்ணன் அண்ணன் தலைக்கு மேல் விர்ரென்று பறந்தது.