நடந்து வருகிறவர்கள் யார்?

"கார்ல வர்றவங்க கை தூக்குங்க," என்றார் பாக்கியலக்ஷ்மி டீச்சர்.

சில கைகள் எழுந்தன.

"ஆட்டோ?"

அதிதியின் கையும் எழுந்தது. அவள் ஆட்டோவில் வருவதே இல்லை. தினமும் மட்டாஞ்சேரி பஜார் வழியாக, அரிசிக் கிடங்குகளைத் தாண்டி, வகுப்புத் தோழி ஷபானாவோடு நடந்துதான் வருவாள். ஆனால் முந்தின நாள் கூடப் படிக்கும் கோவிந்த் எல்லார் முன்னாலும், "உங்க வீட்டுல ஒரு ஸ்கூட்டர்கூட இல்லையா?" என்று கேட்டிருந்தான்.

"நடந்து வர்றவங்க?"

ஷபானாவின் கை பாதி எழுந்தது. அவள் அதிதியைப் பார்த்தாள். அதிதி ஜன்னலைப் பார்த்தாள். ஷபானா கையை இறக்கிவிட்டாள்.

"ஒருத்தரும் இல்லையா? சரி." டீச்சர் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். அங்கேயும் யாரும் கை தூக்கவில்லை.

திங்கட்கிழமை பஜார் சாலையில் மாயம்மாள் அக்காவைக் காணோம். பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்காகப் பள்ளிக்கூடம் அமர்த்தியவர் அவர். சிவப்புக் கொடியைக் காட்டி லாரிகளை நிறுத்துவார். "சேட்டா, வண்டியில பிரேக் இருக்கா, இல்ல ஹாரன் மட்டும்தானா?" என்று அவர் கேட்டால் டிரைவர்களே சிரித்துவிடுவார்கள்.

இன்று எந்த லாரியும் நிற்கவில்லை. வெகுநேரம் காத்திருந்தார்கள். ஷபானாவின் தம்பி அனீஸ் பொறுமை இழந்து ஓடினான். ஒரு ஸ்கூட்டர் கிறீச்சிட்டு நின்றது. அனீஸ் விழுந்தான். முழங்காலில் ரத்தம். ஸ்கூட்டர்காரர் இறங்கி அவனைத் தூக்கிவிட்டார்.

பள்ளி வாசலில் மாயம்மாள் கார்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க ஏன் இங்க நிக்கறீங்க?" என்று கேட்டாள் அதிதி.

"நடந்து வர்ற பிள்ளையே இல்லையாம் கண்ணு. இனிமே காருக்குத்தான் காவல்னு சொல்லிட்டாங்க." அனீஸின் முழங்காலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "அப்போ நீங்கல்லாம் பறந்தா வர்றீங்க?"

யாரும் சிரிக்கவில்லை.

ஷபானா அதிதியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வகுப்பு தொடங்கியதும் அதிதி எழுந்து நின்றாள்.

"டீச்சர், நான் ஆட்டோல வர்றதில்ல. நடந்துதான் வர்றேன். பொய் சொல்லிட்டேன்."

"நானும் நடந்துதான் வர்றேன்," என்று ஷபானா எழுந்தாள். பின் பெஞ்சில் இரண்டு பேர் எழுந்தார்கள். கடைசியில், தலையைச் சொறிந்துகொண்டே கோவிந்த்.

"டேய், உங்க வீட்டுல கார் இருக்கே?"

"இருக்கு டீச்சர். அது அப்பாவோட வைப்பின் தீவுக்கு வேலைக்குப் போயிடும். நான் பின் தெரு வழியா நடந்து வருவேன்."

டீச்சர் எழுந்து நின்றவர்களை எண்ணிக் குறித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்," என்றார். "ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்றேன். ஆனா அவர் லீவுல இருக்கார். திரும்பி வர ஒரு வாரம் ஆகும்."

ஒரு வாரம். அதிதிக்கு அனீஸின் முழங்கால் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"டீச்சர், நடந்து வர்ற எல்லாரும் கிடங்கு முனையில சேர்ந்துக்கறோம். தனியா யாரும் ஓட வேண்டாம். ஒண்ணா கடக்கறோம்."

"சரி. நானும் அங்க வந்து நிக்கறேன்."

மறுநாள் கிடங்கு முனையில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். வேறு வகுப்புப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். டீச்சர் குடையை உயர்த்தினார். பெரிய அரிசி லாரி ஒன்று பெருமூச்சு விட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்ன மக்களே, ஜாதாவா? கோஷம் எங்கே?"

"ஊர்வலம் இல்ல சேட்டா, ஸ்கூலுக்குப் போறோம்!" என்று கத்தினான் கோவிந்த்.

அனீஸ் கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டு நின்றான். அதிதி அவனிடம் கையை நீட்டினாள். அவன் அக்காவைப் பார்த்தான்.

ஷபானா அதிதியின் நீட்டிய கையைப் பார்த்தாள். லாரி டிரைவர்கூடக் காத்திருந்தார்.

"பிடிச்சுக்கோ," என்றாள் கடைசியில் அதிதியிடம். "ஆனா நடுவுல விட்டுடாதே."

அதிதி பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை.